எரியும் பனிக்கட்டி அடுப்புக்கு வருமா? வாயு ஹைட்ரேட் பற்றி வாசகர் கேள்விகள்

இயற்கை எரிவாயு ஹைட்ரேட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம். குளிரும் அழுத்தமும் உள்ள இடத்தில் நீரும் எரிவாயுவும் சேர்ந்து உறைந்த, பார்வைக்குப் பனிக்கட்டி போன்ற திடப்பொருள்தான் வாயு ஹைட்ரேட். இயற்கையில் கிடைப்பதில் பெரும்பாலும் மீத்தேனே அடைபட்டிருக்கும்.

கே: எங்கள் பகுதியில் எதிர்த்துப் போராடிய மீத்தேன் திட்டமும் இந்த ஹைட்ரேட்டும் ஒன்றா? — மன்னார்குடி வாசகர்

ப: இல்லை. மன்னார்குடித் திட்டம் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கானது. நிலத்தடி நிலக்கரியின் நுண்துளைகளில் ஒட்டியிருக்கும் வாயுவை, அங்குள்ள நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்து வெளியேற்றுவது அதன் முறை. காவிரிப் படுகை நிலத்தடியில் ஹைட்ரேட் உருவாகவே முடியாது. காரணம் வெப்பம். மீத்தேன் ஹைட்ரேட் நிலைத்திருக்க 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 26 பார் அழுத்தம் போதும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 4 டிகிரியில் 39 பார், 10 டிகிரியில் சுமார் 70 பார், 15 டிகிரியில் 120 பார் அளவுக்கு வேண்டும். டெல்டாவில் 500 மீட்டர் தோண்டினால் அழுத்தம் 50 பார்தான் இருக்கும், வெப்பநிலையோ 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

எனவே ஹைட்ரேட்டுக்கு முக்கியமாக இரண்டு இருப்பிடங்கள். ஒன்று, அலாஸ்கா, சைபீரியா, வட கனடா போன்ற நிரந்தர உறைநிலங்களின் அடி. மற்றொன்று, ஆழ்கடல் தரைக்குக் கீழே உள்ள சில நூறு மீட்டர் படிவம். வங்காள விரிகுடா போன்ற வெப்பமண்டலக் கடலில் நீரின் ஆழம் குறைந்தது 600, 700 மீட்டராவது இருக்க வேண்டும். புதிய எண்ணெய், எரிவாயுத் தோண்டலைத் தடுக்கும் 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் டெல்டா நிலத்துக்கானது. ஹைட்ரேட் ஆய்வுகள் நடப்பதோ கரையிலிருந்து வெகுதொலைவில், ஆழ்கடலில்.

நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால் வாயு வரும் என்ற அடிப்படை மட்டும் இரண்டுக்கும் பொது. அதனால்தான் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

கே: ஹைட்ரேட்டுக்குள் உண்மையில் எவ்வளவு எரிவாயு இருக்கிறது? — மதுரை, கல்லூரி மாணவி

ப: மீத்தேன் ஹைட்ரேட்டின் படிக அலகு ஒன்றில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து 2 சிறு கூடுகளையும் 6 பெரிய கூடுகளையும் கட்டுகின்றன. கூட்டுக்கு ஒரு மீத்தேன். எல்லாக் கூடுகளும் நிரம்பினால் ஒரு மீத்தேனுக்கு 5.75 நீர் மூலக்கூறு. எடையில் மீத்தேனின் பங்கு 13.4 சதவீதம்தான், மீதி முழுவதும் தண்ணீர்.

கன அளவில் கணக்கிட்டால் ஒரு கன மீட்டர் தூய ஹைட்ரேட் உருகும்போது, இயல்பான அழுத்தத்தில் ஏறத்தாழ 164 கன மீட்டர் மீத்தேனும் 0.8 கன மீட்டர் நீரும் கிடைக்கும். அந்த மீத்தேனின் எரிவெப்பம் 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர்கள் ஒன்பதுக்குச் சமம்.

பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. கடலடியில் தூய கட்டியாகக் கிடைப்பது அரிது. நல்ல மணற்படிவத்தில் நுண்துளைகள் 40 சதவீதம், அவற்றில் 70 சதவீதம் ஹைட்ரேட் என்று வைத்துக்கொண்டால், ஒரு கன மீட்டர் மண்ணில் 0.28 கன மீட்டர் ஹைட்ரேட், அதாவது சுமார் 46 கன மீட்டர் வாயு. களிமண்ணில் இதைவிடக் குறைவு. இருப்புக் கணக்கு எதைப் பார்த்தாலும் 164-ஐ எடுத்தார்களா 46-ஐ எடுத்தார்களா என்று முதலில் பாருங்கள்.

கே: இந்தியாவிடம் 1,894 டிரில்லியன் கன மீட்டர் ஹைட்ரேட் வாயு இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் ஏன் இன்னும் எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) இறக்குமதி செய்கிறோம்? — சென்னை, கோவை வாசகர்கள்

ப: அந்த எண் ஊகக் கணிப்பு. ஹைட்ரேட் நிலைத்திருக்கக்கூடிய கடற்பரப்பு முழுவதையும் எடுத்து, சராசரித் தடிமன், சராசரிச் செறிவு போட்டுப் பெருக்கினால் இப்படிப்பட்ட எண்கள் வரும். எடுக்கக்கூடிய இருப்பு என்று அதை வாசிக்கக் கூடாது.

துளையிட்டுப் பார்த்ததில் கிடைத்த உண்மைகள் வேறு வகையானவை. 2006-இல் தேசிய வாயு ஹைட்ரேட் திட்டத்தின் முதல் பயணத்தில் ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடு கப்பல் கிருஷ்ணா-கோதாவரி, மகாநதி, அந்தமான், கேரள-கொங்கண் பகுதிகளில் துளையிட்டது. கிருஷ்ணா-கோதாவரியில் ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் படிவம் கிடைத்தது. உலகம் முழுவதும் பேசப்பட்ட கண்டுபிடிப்பு அது. ஆனால் அது களிமண்ணின் விரிசல்களுக்குள் நரம்பு நரம்பாக ஓடும் ஹைட்ரேட். அழுத்தத்தைக் குறைத்தால் வாயு கிணற்றை நோக்கி நகர வழி வேண்டும். களிமண் வழி விடாது, விரிசலும் உருகியவுடன் மூடிக்கொள்ளும். அந்தமானில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில், கடல் தரைக்குக் கீழே 600 மீட்டர் வரை ஹைட்ரேட் இருந்தது. அறிவியலுக்கு அது அருமையான செய்தி, உற்பத்திக்கு அவ்வளவு பயனில்லை.

2015-இல் இரண்டாம் பயணம் ஜப்பானின் சிக்யூ கப்பலில் நடந்தது. இம்முறை மணலைத் தேடியே போனார்கள். கிருஷ்ணா-கோதாவரிக் கடலில் செறிவான ஹைட்ரேட் கொண்ட மணற்படிவங்கள் உறுதியாயின. சில இடங்களில் நீரின் ஆழம் 2,500 மீட்டருக்கும் மேல். நமக்கு நம்பிக்கை தருவது இந்த மணற்படிவங்கள்தாம். அடுத்த கட்டம் அவற்றில் ஒரு சோதனைக் கிணறு, அதில் மாதக்கணக்கில் ஓட்டம். அது நடக்கும்வரை எந்தப் பெரிய எண்ணையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க முடியாது.

கே: துளையிடாமலே ஹைட்ரேட் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாதா? — திருச்சி வாசகர்

ப: ஓரளவு முடியும். நில அதிர்வு அலைப் பதிவில், கடல் தரையின் வடிவத்தை அப்படியே பின்பற்றி அதற்கு இணையாக ஓடும் ஒரு எதிரொலிக் கோடு தெரியும், அதன் அலையின் ஏற்ற இறக்கம் தலைகீழாக இருக்கும். அது ஹைட்ரேட் மண்டலத்தின் அடிக்கோடு. அதற்குக் கீழே தங்கியிருக்கும் சிறிதளவு வாயுவே அந்த எதிரொலியைத் தருகிறது. ஆகவே கோடு தெரிந்தால் மீத்தேன் இருக்கிறது என்பது மட்டும் உறுதி, மேலே ஹைட்ரேட் செறிவாக இருக்கிறதா என்பது தெரியாது. கோடு இல்லாத இடத்திலும் ஹைட்ரேட் கிடைத்திருக்கிறது.

துளையிட்ட பிறகு மூன்று சாட்சிகள். மண் தூண் கப்பல் தளத்துக்கு வந்ததும் அகச்சிவப்புக் கேமராவால் பார்த்தால், ஹைட்ரேட் உருகும் இடங்கள் குளிர்ந்த திட்டுகளாகத் தெரியும். அந்த மண்ணைப் பிழிந்த நீரில் குளோரைடு அளவு, கடல்நீரின் வழக்கமான லிட்டருக்கு 560 மில்லிமோல் அளவிலிருந்து குறைந்திருக்கும். ஹைட்ரேட் உருவாகும்போது உப்பை வெளியே தள்ளிவிடும், உருகும்போது நன்னீரைத் தரும். மூன்றாவதும் நம்பகமானதும் அழுத்தக் கலனில் எடுக்கும் மண் தூண். கடலடி அழுத்தத்தை விடாமல் மேலே கொண்டுவந்து, மெல்ல மெல்லத் திறந்து, வெளிவரும் வாயுவை அளப்பார்கள். கலனின் அடைப்பு வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அழுத்தம் போய்விடும். பிறகு அந்தத் தூணால் அளவீட்டுக்குப் பயனில்லை.

கே: கடலடியிலிருந்து எப்படி எடுப்பார்கள்? சுரங்கம் போலத் தோண்டியா? — தூத்துக்குடி, காரைக்கால் வாசகர்கள்

ப: தோண்டி மேலே தூக்கினால் வரும் வழியிலேயே உருகிவிடும். வெந்நீரை உள்ளே அனுப்பி உருக்குவது 2002-இல் கனடாவின் மல்லிக் கிணற்றில் செய்து பார்த்த முறை. ஐந்து நாளில் சில நூறு கன மீட்டர்தான் வந்தது. வெந்நீரின் வெப்பத்தில் பெரும்பகுதி குழாயையும் பாறையையும் சூடாக்கவே போய்விடுகிறது. இன்று முதன்மையான முறை அழுத்தக் குறைப்பு.

ஜப்பானின் நன்காய் பள்ளத்தை வைத்துச் சொல்கிறோம். 2013 மார்ச்சில் கடலில் உலகின் முதல் உற்பத்திச் சோதனை அங்கேதான் நடந்தது. நீரின் ஆழம் சுமார் 1,000 மீட்டர், அதற்குக் கீழே ஏறத்தாழ 300 மீட்டரில் படிவம். அங்கே அழுத்தம் 13.5 மெகாபாஸ்கல், அதாவது 135 பார். கிணறு தோண்டி, ஹைட்ரேட் மணல் உள்ள பகுதியில் மணல் தடுப்பு வலையைப் பொருத்தி, கிணற்றுக்குள் மின் நீர்மூழ்கிப் பம்பை இறக்கினார்கள். பம்பு நீரை இறைக்க இறைக்க, கிணற்றுக்குள் நீர்மட்டம் தாழ்கிறது. மட்டம் 900 மீட்டர் தாழ்ந்தால் அடியில் அழுத்தம் 9 மெகாபாஸ்கல் குறையும். 4.5 மெகாபாஸ்கல் அளவுக்கு வந்ததும் சுற்றியுள்ள ஹைட்ரேட் நிலை குலைந்து வாயுவும் நீருமாகப் பிரிகிறது. கிணற்றடியிலேயே இரண்டையும் பிரித்து, வாயு ஒரு குழாயிலும் நீர் மற்றொன்றிலும் கப்பலுக்கு ஏறுகின்றன. கேட்க எளிது. எங்கெங்கே தவறும் என்பதுதான் இந்தத் துறையின் உண்மையான பாடம்.

முதல் தொல்லை மணல். பல படிவங்களில் மணல் துகள்களைச் சேர்த்துப் பிடித்திருப்பதே ஹைட்ரேட்தான். அது உருகியதும் கெட்டியாக இருந்த படிவம் குழம்பாகி நீரோடு கிணற்றுக்குள் பாய்கிறது. 2013-இல் ஆறாம் நாள் இப்படி மணல் நுழைந்ததால் சோதனை நின்றது. அதுவரை வந்தது சுமார் 1,20,000 கன மீட்டர். 2017-இல் வேறு வகை வலையோடு இரண்டு கிணறுகள் முயன்றார்கள். ஒன்று 12 நாளில் 35,000 கன மீட்டரோடு மீண்டும் மணலால் நின்றது. மற்றொன்று 24 நாள் ஓடி 2,00,000 கன மீட்டர் தந்தது. வலைக்கண் பெரிதானால் மணல் நுழையும், சிறிதானால் நுண்வண்டல் அடைத்து ஓட்டம் நின்றுவிடும். படிவத்தின் துகள் அளவை ஆய்வகத்தில் சலித்துப் பார்க்காமல் வலையைத் தேர்ந்தால் பணம் கடலில் போனதுதான்.

இரண்டாவது, வெப்பம். இதைத்தான் வாசகர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். ஹைட்ரேட் உருக ஒரு மோல் மீத்தேனுக்குச் சுமார் 54 கிலோஜூல் வெப்பம் தேவை. மேலே சொன்ன ஒரு கன மீட்டர் மண்ணில் உள்ள 0.28 கன மீட்டர் ஹைட்ரேட்டுக்கு இது ஏறத்தாழ 115 மெகாஜூல். யாரும் தீ மூட்டுவதில்லை, எனவே இந்த வெப்பத்தை மண்ணே தர வேண்டும். படிவம் 13 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் குளிரும்வரை அதே மண் தரக்கூடியது 20 முதல் 25 மெகாஜூல். தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. மீதி, மேலும் கீழும் உள்ள களிமண்ணிலிருந்து மெதுவாகக் கசிந்து வர வேண்டும். ஆகவே முதல் சில நாள்களின் வேகத்தைக் கொண்டு பத்தாண்டு உற்பத்தியைக் கணிக்கவே கூடாது. பம்பை இன்னும் வலுவாக இயக்கி 2.6 மெகாபாஸ்கலுக்குக் கீழே அழுத்தத்தைக் கொண்டுபோனால் வெப்பநிலை உறைநிலையைத் தொட்டு, துளைகளில் சாதாரண பனிக்கட்டி உறைந்து, வழியை அடைத்துவிடும்.

மூன்றாவது, பம்பு. பம்புக்குள் வாயுக் குமிழிகள் புகுந்தால் அது நீரைத் தள்ளாமல் சும்மா சுழலும். அழுத்தம் உடனே ஏறும், ஏறினால் கிணற்றுக்குள்ளேயே ஹைட்ரேட் மறுபடி உறையும். ஒருமுறை நின்று மறுபடி தொடங்குவது மிகக் கடினம். குழாயில் வெப்பக் கம்பியோ தடுப்பு வேதிப்பொருளோ முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

கே: இதுவரை நடந்த சோதனைகளில் சிறந்தது எவ்வளவு தந்தது? அதைக் கொண்டு எத்தனை வீட்டுக்கு மின்சாரம்? — சேலம் வாசகர்

ப: சீனா தென்சீனக் கடலின் ஷென்ஹு பகுதியில் 2017-இல் 60 நாளில் 3,09,000 கன மீட்டர் எடுத்தது. 2020-இல் அதே பகுதியில், கிடைமட்டமாகத் தோண்டிய கிணற்றிலிருந்து 30 நாளில் 8,61,400 கன மீட்டர் வந்தது. நாளுக்கு 28,700. களிமண் கலந்த நுண்வண்டலில் இந்த அளவு வந்தது பெரிய சாதனை. கிடைமட்டக் கிணறு படிவத்தை நீண்ட தூரம் தொட்டுச் செல்வதே காரணம்.

இப்போது கணக்கு. 28,700 கன மீட்டரின் எரிவெப்பத்தை 24 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் சுமார் 12 மெகாவாட் வெப்பம். நல்ல கூட்டுச்சுழற்சி மின்நிலையத்தில் பாதியாவது மின்சாரமாகும் என்றால் 6 மெகாவாட். 1,200 மீட்டர் ஆழக் கடலில் ஒரு பெரும் துளையிடு மேடையை நிறுத்தி வைத்து எடுத்த 6 மெகாவாட். கரையில் சில காற்றாலைகள் தருவது அது.

நம் கிருஷ்ணா-கோதாவரிக் கடலின் வழக்கமான எரிவாயு வயலான டி-6, 2010 வாக்கில் நாளுக்கு ஏறத்தாழ 6 கோடி கன மீட்டர் தந்தது, அதுவும் இருபதுக்கும் குறைவான கிணறுகளிலிருந்து. அந்த அளவை எட்ட ஷென்ஹு போன்ற கிணறுகள் 2,000 வேண்டும். ஹைட்ரேட்டின் பிரச்சினை இருப்பில் இல்லை, ஒரு கிணற்றின் நாள் வரவில் இருக்கிறது. அலாஸ்காவின் ப்ரூடோ பே பகுதியில் அமெரிக்காவும் ஜப்பானும் சேர்ந்து 2023-இல் தொடங்கி 2024 வரை மாதக்கணக்கில் நடத்திய சோதனைக்கு நாங்கள் அதிக மதிப்புத் தருவது அதனால்தான். ஒரு வார ஓட்டம் சொல்லாததை அது சொல்லும்.

கே: கார்பன் டை ஆக்சைடை உள்ளே செலுத்தி மீத்தேனை வெளியே எடுக்கலாமாமே? — வேலூர் வாசகர்

ப: கொள்கை அழகானது. 4 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு ஹைட்ரேட்டுக்கு 20 பார் போதும், மீத்தேனுக்கு 39 பார் வேண்டும். எனவே கூட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு புகுந்து மீத்தேனை வெளியேற்றும். அப்போது சிறிது வெப்பமும் வெளிவரும். மண்ணின் வலிமையும் குலையாது.

நடைமுறையில் இரண்டு தடைகள். பெரிய கூடுகளில்தான் அது எளிதாக அமரும், சிறிய கூடுகளின் மீத்தேன் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடும். எட்டில் ஆறு கூடுகள் பெரியவை என்பதால் உச்ச வரம்பு 75 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அடுத்தது, படிவத்தில் உள்ள உறையாத நீருடன் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து புதிய ஹைட்ரேட்டாகி, செலுத்தும் கிணற்றின் வாயையே அடைத்துவிடும். 2012-இல் அலாஸ்காவின் இக்னிக் சிகுமி சோதனையில் இதைத் தவிர்க்கத்தான் 77 சதவீத நைட்ரஜனும் 23 சதவீத கார்பன் டை ஆக்சைடும் கலந்து செலுத்தினார்கள். கலவை உள்ளே போனது, மீத்தேன் வெளியே வந்தது. ஆனால் பிறகு அழுத்தத்தையும் குறைத்ததால், எவ்வளவு வாயு இடமாற்றத்தால் வந்தது என்று தனியே பிரித்துச் சொல்வது கடினம். எரிவாயு எடுக்கும் வழியாக இது மெதுவானது. கார்பன் டை ஆக்சைடைக் கடலடியில் திடமாகப் பூட்டி வைக்கும் வழியாகத் தனியே ஆராயத் தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இந்தத் திசையில் ஆய்வு நடக்கிறது.

கே: எரிவாயுக் கிணற்று நிலையத்தில் வேலை செய்கிறேன். வெயிலில் 35 டிகிரி இருக்கும்போதே சோக் வால்வுக்குப் பின்னால் உறைந்து அடைக்கிறது. ஏன்? எப்படிச் சரிசெய்வது? — நாகை மாவட்ட வாசகர்

ப: ஹைட்ரேட் அறிவு இன்று அன்றாடம் பணம் காப்பது இந்த வேலையில்தான். உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறோம்.

சோக் என்பது ஓட்டத்தை நெருக்கி அழுத்தத்தை இறக்கும் வால்வு. வாயு அதைக் கடந்து விரியும்போது ஒவ்வொரு பாருக்கும் 0.4 முதல் 0.5 டிகிரி வரை குளிர்கிறது. 100 பாரிலிருந்து 40 பாருக்கு இறக்கினால் 25 டிகிரிக்கு மேல் இறங்கும். 35 டிகிரி வாயு 9 டிகிரிக்கு வந்துவிடும். தூய மீத்தேன் 40 பாரில் 4 டிகிரிக்குக் கீழேதான் உறையும். ஆனால் கிணற்று வாயுவில் சிறிது புரோப்பேன் இருந்தாலே வேறு வகைப் படிகம் உருவாகி, 12, 14 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். வெளியே வெயில் அடிப்பதால் பயனில்லை. குளிர்ச்சி வால்வுக்குள் பிறக்கிறது.

மூன்று வழிகள்: வால்வுக்கு முன்னால் சூடேற்றி வைப்பது, அழுத்தத்தை இரண்டு மூன்று படிகளாக இறக்குவது, மெத்தனாலோ கிளைக்காலோ செலுத்துவது. மெத்தனால் அளவுக்கு 1930-களிலிருந்து புழங்கும் ஹாமர்ஷ்மிட் சூத்திரம் போதும். தேவையான வெப்பநிலைத் தாழ்வை 32-ஆல் பெருக்குங்கள். கிடைத்ததை, அதையும் 1,297-ஐயும் கூட்டிய தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் நீரில் இருக்க வேண்டிய மெத்தனாலின் எடைச் சதவீதம். 10 டிகிரி தாழ்வுக்கு: 320-ஐ 1,617-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 சதவீதம். அதாவது 100 கிலோ நீருக்கு 25 கிலோ மெத்தனால். இது நீரில் தங்க வேண்டிய அளவு மட்டுமே. ஒரு பகுதி ஆவியாகி வாயுவோடு போய்விடும், அதையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். கணக்குச் சரியாகப் போட்டும் அடைக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். அல்லது செலுத்தும் முனை வால்வுக்குப் பின்னால் இருக்கும். அது எப்போதும் வால்வுக்கு முன்னால் இருக்க வேண்டும்.

அடைத்துவிட்டால் செய்யக் கூடாதவை இரண்டு. அடைப்பின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்காதீர்கள். மறுபக்க அழுத்தம் அந்தக் கட்டியைக் குண்டு போலத் தள்ளும், அடுத்த வளைவில் குழாயே உடையும். ஆள் இறந்த விபத்துகள் உண்டு. இரண்டாவது, வெளியிலிருந்து தீச்சுடராலோ நீராவியாலோ நடுப்பகுதியைச் சூடாக்காதீர்கள். நடுவில் உருகி வரும் வாயு இரு முனையும் மூடிய இடத்தில் சிக்கி அழுத்தம் பல மடங்காகும். இரு பக்கமும் ஒன்றாக, மெதுவாக அழுத்தத்தை இறக்கிக் காத்திருப்பதுதான் முறை. மணிக்கணக்கில் ஆகலாம், நாள்கணக்கிலும் ஆகலாம். பொறுமை இல்லாதவர் அந்த வேலையில் இருக்கக் கூடாது.

2010 மே மாதம் மெக்சிகோ வளைகுடாவில், 1,500 மீட்டர் ஆழத்தில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை தோண்டிய கிணறு கசிந்துகொண்டிருந்தபோது, அதன் மேல் கவிழ்த்த பெரும் எஃகுக் கூண்டு பயன்படாமல் போனதும் ஹைட்ரேட்டால்தான். கசிந்த வாயு குளிர்ந்த கடல்நீரில் உறைந்து கூண்டின் மேல்துளையை அடைத்தது. நீரைவிட இலேசான அந்தக் கட்டிகள் கூண்டையே மிதக்கச் செய்யப் பார்த்தன.

கே: எல்.என்.ஜி.க்குப் பதிலாக ஹைட்ரேட் உருண்டைகளாக எரிவாயுவைக் கொண்டுபோகலாமா? — எண்ணூர் வாசகர்

ப: செய்து பார்த்திருக்கிறார்கள். ஜப்பானின் யனாய் மின்நிலையத்தில் 2000-களின் பிற்பகுதியில் நாளுக்கு 5 டன் உருண்டைகள் செய்யும் நிலையம் இயங்கியது, லாரியில் வாடிக்கையாளருக்கும் போனது. இதற்கு அடிப்படை ஒரு வியப்பான பண்பு. சாதாரண காற்றழுத்தத்தில் −20 டிகிரியில் ஹைட்ரேட் உடனே உருக வேண்டும். ஆனால் மேற்பரப்பு உருகி வரும் நீர் பனிக்கட்டி ஓடாக உறைந்து உள்ளே இருப்பதைக் காக்கிறது. எல்.என்.ஜி.க்கு −162 டிகிரி வேண்டும். இதற்கு மீன் பதப்படுத்தும் குளிர்கிடங்கின் குளிர் போதும்.

ஆனால் எல்.என்.ஜி. கன அளவை 600-இல் ஒன்றாகச் சுருக்குகிறது. ஹைட்ரேட் 164-இல் ஒன்று, உருண்டைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கழித்தால் இன்னும் குறைவு. ஒரு டன் வாயு கொண்டுபோக ஆறரை டன் தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பெரிய துறைமுகத்துக்கு இது கட்டுப்படியாகாது. குழாய் போட முடியாத சிறு வயலிலிருந்து பக்கத்து ஆலைக்கு, அல்லது பல மாதம் அசையாமல் சேமித்து வைக்க என்றால் யோசிக்கலாம். வழக்கமான மீன் கிடங்கிலேயே வைத்துவிடலாமா என்று கேட்காதீர்கள். சிறிதளவு மீத்தேன் கசிந்துகொண்டே இருக்கும். வாயு உணரியும் தீப்பொறி படாத மின்கருவிகளும் தனிக் காற்றோட்டமும் இல்லாமல் வைக்கக் கூடாது.

கே: கல்லூரி ஆய்வகத்தில் ஹைட்ரேட் செய்து காட்ட முடியுமா? — விருதுநகர், பேராசிரியர் ஒருவர்

ப: அழுத்தம் இல்லாமலே ஒன்று செய்யலாம். டெட்ராஹைட்ரோஃபியூரான் 19 கிராம், காய்ச்சி வடித்த நீர் 81 கிராம் கலந்து சோதனைக்குழாயில் எடுங்கள். பக்கத்துக் குழாயில் வெறும் நீர். இரண்டையும் பனிக்கட்டியும் நீரும் கலந்த தொட்டியில் 1 டிகிரியில் வையுங்கள். இந்தக் கலவையின் ஹைட்ரேட் 4.4 டிகிரியிலேயே உறையும். வெறும் நீர் திரவமாக நிற்க, கலவை மட்டும் கெட்டியாகும். உறையாமல் நின்றால் ஒரு சிறு பனிக்கட்டித் துகளைப் போட்டு, கண்ணாடிக் குச்சியால் குழாயின் உட்சுவரைத் தேயுங்கள். அந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும், பழைய புட்டியில் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடு சேர்ந்திருக்கலாம். புதிய புட்டி, புகைக்கூண்டு, கையுறை, அருகில் எந்தச் சுடரும் இல்லாமை ஆகியவை கட்டாயம்.

மீத்தேனுக்கு 100 பாருக்கு மேல் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கலனும் பாதுகாப்பு வால்வும் வேண்டும். 250 மி.லி. கலனில் 30 மி.லி. நீருக்கு மேல் வைக்காதீர்கள். நீர் கூடினால் கலனில் உள்ள வாயு போதாமல் பாதியில் நின்றுவிடும், அதை மாணவர்கள் வினை முடிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். சோப்பு போன்ற சோடியம் டோடெசில் சல்பேட் 15 மில்லிகிராம் சேர்த்தால் மணிக்கணக்கில் ஆவது வெகு விரைவில் முடியும். 2 டிகிரியில் 70 பார் நிரப்பி வால்வை மூடினால், எல்லா நீரும் மாறும்போது அழுத்தம் 50 பாருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். அந்தச் சரிவிலிருந்து எத்தனை மோல் உள்ளே போனது என்று கணக்கிடலாம். மீத்தேன் இலட்சிய வாயுவிலிருந்து விலகும் அளவைக் காட்டும் அமுக்கக் காரணி தொடக்கத்தில் 0.84 அளவில் இருக்கும், அழுத்தம் இறங்க இறங்கச் சற்றுக் கூடும், அதை ஒன்று என்று போட்டால் விடை தவறும். திறக்கும்போது மிக மெதுவாகத் திறக்க வேண்டும். சோப்புநுரை மேலேறி அழுத்தமானியின் குழாயை அடைக்கும்.

கே: ஹைட்ரேட்டைத் தொட்டால் சுனாமி வரும், பூமி சூடாகும் என்கிறார்களே? — கன்னியாகுமரி வாசகர்

ப: ஹைட்ரேட் உருகினால் சரிவான கடற்தரை வலுவிழக்கும் என்பது உண்மை. அதனால் செங்குத்தான சரிவில் சோதனைக் கிணறு தோண்டுவதில்லை, மேலே சில நூறு மீட்டர் களிமண் மூடியுள்ள இடமே தேர்வாகிறது. 8,200 ஆண்டுகளுக்கு முன் நார்வே கடலில் நடந்த ஸ்டொரெக்கா நிலச்சரிவுக்கு ஹைட்ரேட்டே காரணம் என்று முன்பு சொன்னார்கள். வேகமாகப் படிந்த வண்டலும் நில அதிர்வுமே முதன்மைக் காரணங்கள் என்பதே இன்றைய பொதுவான கருத்து. ஆழ்கடலில் கசியும் மீத்தேனில் பெரும்பகுதி மேலே வருமுன் கரைந்து, நுண்ணுயிர்களால் உண்ணப்பட்டுவிடும்.

கவலை வேறிடத்தில் இருக்க வேண்டும். மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றுவது. கிணற்றுத்தலை, குழாய் இணைப்பு, கப்பலில் எரித்து வீணாக்கும் சுடர் ஆகியவற்றிலிருந்து சில சதவீதம் கசிந்தாலே நிலக்கரியைவிடத் தூய்மையானது என்ற வாதம் அடிபட்டுப் போகும். கசியாமல் எரித்தாலும் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும்.

கே: குளிர்சாதனத்துக்கும் ஹைட்ரேட் உதவுமா? — திருப்பூர் வாசகர்

ப: உதவும். டெட்ரா பியூட்டைல் அம்மோனியம் புரோமைடு 40 சதவீதக் கரைசல் சாதாரண அழுத்தத்தில் 12 டிகிரியிலேயே ஹைட்ரேட் கூழாக உறையும், கிலோவுக்கு 190 கிலோஜூல் அளவுக்குக் குளிரைச் சேமிக்கும். பனிக்கட்டி 334 சேமிக்கும், ஆனால் அதற்குக் குளிர்விக்கும் இயந்திரத்தை உறைநிலைக்குக் கீழே இயக்க வேண்டும், மின்செலவு கூடும். ஜப்பானில் சில கட்டடங்களில் இரவில் கூழ் செய்து பகலில் பயன்படுத்துகிறார்கள். வேதிப்பொருளின் விலையும், கழிவு நீரில் கலக்காமல் காப்பதும்தான் தடை.

கே: இந்தத் துறையில் படிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? — தஞ்சாவூர், பொறியியல் மாணவர்

ப: சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் வரை இறங்கக்கூடிய ரோசப் என்ற தொலையியக்கக் கலனை உருவாக்கியிருக்கிறது, கடலடியிலிருந்து மண் தூண் எடுக்கும் கருவியிலும் பணியாற்றியிருக்கிறது. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் நில அதிர்வுப் பதிவுகளை ஆராய்கிறது. பன்வேலில் ஓ.என்.ஜி.சி.யின் ஹைட்ரேட் மையம் உள்ளது. வேதிப் பொறியியல் படித்தால் வெப்ப இயக்கவியலை ஆழமாகப் படியுங்கள். கட்டடப் பொறியியல் என்றால் மண் இயக்கவியல். பெட்ரோலியப் பொறியியல் என்றால் மணல் தடுப்பு வலைகள். இப்போது ஆள் மிகவும் குறைவாக இருப்பது இந்தக் கடைசித் துறையில்தான்.